பூமி இழுப்பது காந்தத்தாலா?

படிவம் இரண்டு மாணவர்களின் அறிவியல் பாட வேளை அது. ஆசிரியர் ஒரு கேள்வியுடன் பாடத்தைத் தொடங்கினார்.

“டுரியான் பருவத்தில் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? பழுத்த டுரியான் காம்பை விட்டு நீங்கியதும் நேராகத் தரைக்கு வந்து விழுகிறது. அது பக்கவாட்டில் போவதில்லை; மேலேயும் போவதில்லை. ஏன்?”

பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “பூமிக்குள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, ஐயா. அதுதான் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது.”

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

“யாரும் சிரிக்க வேண்டாம். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு தலைசிறந்த அறிவியலாளர் ஒருவரும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார். இந்த விடை சரியா, தவறா என்பதை நாமே சோதித்துப் பார்ப்போம்,” என்றார்.

மாணவர்களே, அந்தச் சோதனையில் நாமும் கலந்துகொள்வோம்.

பெரியோர் கொண்ட கருத்து

1600ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் கில்பர்ட் என்னும் மருத்துவர் காந்தத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவர் காந்தக் கல்லை உருண்டையாகச் செதுக்கி, அதன் மேல் சிறிய காந்த ஊசிகளை வைத்துப் பார்த்தார். பூமியின் மேல் திசைகாட்டியின் முள் எப்படி நிற்கிறதோ, அப்படியே அந்த ஊசிகளும் நின்றன. ஆகவே, பூமியே ஒரு பெரிய காந்தம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த முடிவு சரியானது. இன்றும் அறிவியல் அதை ஏற்றுக்கொள்கிறது.

கில்பர்ட்டின் நூலால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஜொஹான்னஸ் கெப்ளரும் ஒருவர். கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டறிந்தவர் இவர்தான். கோள்களைச் சூரியன் எவ்வாறு இயக்குகிறது என்று அவர் சிந்தித்தார். அது காந்தத்தைப் போன்ற ஒரு விசையாக இருக்க வேண்டும் என்று 1609ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

அப்படி எண்ணியதற்குக் காரணம் இருந்தது. காந்தம் ஆணியைத் தொடாமலேயே இழுக்கிறது. பூமியும் பழத்தைத் தொடாமலேயே இழுக்கிறது. தொலைவு கூடும்போது இரண்டின் வலிமையும் குறைகிறது. இவ்வளவு ஒற்றுமைகளைக் காண்பவர் இரண்டும் ஒன்றே என்று கருதுவது இயல்புதான். ஆனால், ஒற்றுமையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பூமி காந்தமாக இருக்கிறது என்பது உண்மை. அந்தக் காந்தம்தான் பழத்தை விழச் செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் நாம் விடை காண வேண்டும்.

முதல் சோதனை: எவற்றை இழுக்கிறது?

ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஆணி, தாமிரக் கம்பி, மரத்துண்டு, அழிப்பான், நெகிழிப் பேனா ஆகியவற்றை மேசையின் மேல் பரப்பிவைத்து, காந்தத்தை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டு செல்லுங்கள். ஆணி மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவை அசையமாட்டா. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சில உலோகங்களையே காந்தம் வலுவாக இழுக்கிறது.

இதற்குக் காரணம் அணுவுக்குள் இருக்கிறது. காந்த விசை மின்னூட்டத்தின் இயக்கத்தால் உண்டாகிறது. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் தோன்றுகிறது. அணுவிலுள்ள ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு மிகச் சிறிய காந்தத்தைப் போல் செயல்படுகிறது. பெரும்பாலான பொருள்களில் இந்தச் சிறு காந்தங்கள் வெவ்வேறு திசைகளை நோக்கி இருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று நீக்கிவிடுகிறது. இரும்பு போன்ற சில உலோகங்களில் அவற்றை ஒரே திசையில் அணிவகுக்கச் செய்வது எளிது. ஆகவேதான் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது. தானும் காந்தமாக மாறுகிறது.

இப்போது அதே பொருள்களை மேசையின் விளிம்பிலிருந்து தள்ளிவிடுங்கள். ஆணி, கம்பி, மரம், அழிப்பான், பேனா என எல்லாமே விழுகின்றன. பூமி எதையும் ஒதுக்கி வைக்கவில்லை.

இந்த உண்மையை ஐசக் நியூட்டன் மிகக் கவனமாக ஆராய்ந்தார். ஒரே அளவுள்ள இரண்டு மரப் பெட்டிகளைச் செய்தார். அவற்றைப் பதினோரு அடி நீளமுள்ள நூல்களில் தொங்கவிட்டு ஊசல்களாக ஆடச் செய்தார். ஒரு பெட்டியில் மரத்தை நிரப்பினார். மற்றொன்றில் அதே எடையுள்ள தங்கத்தை வைத்தார். இரண்டு ஊசல்களும் வெகுநேரம் ஒன்றாகவே போய் ஒன்றாகவே திரும்பின. பிறகு வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எந்த வேறுபாடும் தென்படவில்லை. பூமி தங்கத்துக்குத் தனிச் சலுகை காட்டவில்லை; கோதுமையைக் குறைத்தும் மதிப்பிடவில்லை.

1687ஆம் ஆண்டு வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இந்தச் சோதனையை நியூட்டன் விளக்கினார். ஈர்ப்பு விசையின் இயல்பு வேறு, காந்த விசையின் இயல்பு வேறு என்பதையும் அங்கேயே தெளிவாகக் குறிப்பிட்டார்.

இரண்டாம் சோதனை: எந்தத் திசையில் இழுக்கிறது?

சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க, கட்டடத் தொழிலாளர்கள் நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைத் தூக்குக்குண்டு என்பர். அந்த நூல் செங்குத்தாகப் பூமியின் நடுப்பகுதியை நோக்கி நிற்கும். அதுதான் ஈர்ப்பு விசையின் திசை.

இனித் திசைகாட்டியைப் பாருங்கள். அதன் முள் வடக்கையும் தெற்கையும் காட்டுகிறது. நாம் வாழும் மலேசியாவும் சிங்கப்பூரும் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கின்றன. ஆகவே, இங்குப் பூமியின் காந்தப் புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாகவே செல்கிறது. தூக்குக்குண்டு கீழே காட்டுகிறது. காந்த முள் பக்கவாட்டில் காட்டுகிறது. இரண்டும் ஒரே விசையாக இருந்தால் இரண்டு வெவ்வேறு திசைகளை எப்படிக் காட்ட முடியும்?

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு தையல் ஊசியைக் காந்தத்தில் பலமுறை ஒரே திசையில் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் நீரை நிரப்பி, சிறிய இலையின் மேல் ஊசியை வைத்து மிதக்கவிடுங்கள். ஊசி மெல்லத் திரும்பி வடக்குத் தெற்காக நிற்கும். ஆனால், அது கிண்ணத்தின் வட விளிம்பை நோக்கி நகர்ந்து போகாது. பூமியின் காந்தம் ஊசியைத் திருப்புகிறது. தன் பக்கம் இழுத்துச் செல்வதில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் ஒரு சிறு காந்தம்கூட, தன் அருகில், பூமியின் காந்தப் புலத்தை விட நூறு மடங்கு வலிமை உடையதாக இருக்கும். அவ்வளவு மெல்லிய புலத்தால் ஒரு டுரியானைக் கீழே இழுக்க முடியாது.

மேலும், காந்தத்துக்கு இரு துருவங்கள் உண்டு. எதிர்த் துருவங்கள் ஈர்க்கும். ஒத்த துருவங்கள் விலக்கும். ஈர்ப்பு விசைக்கோ துருவங்கள் இல்லை. டுரியானைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் போட்டாலும் அது மேலே பறந்துவிடாது.

மூன்றாம் சோதனை: மற்றக் கோள்கள் என்ன சொல்கின்றன?

பூமியின் நடுவில் இரும்பு நிறைந்திருப்பது உண்மைதான். ஆனால், அது நாம் கையில் பிடிக்கும் காந்தத்தைப் போன்றது அன்று. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் நிலையான காந்தத் தன்மை மறைந்துவிடும். பூமியின் நடுப்பகுதியின் வெப்பநிலையோ 5000 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. அங்கே நிலையான காந்தம் இருக்க முடியாது. வெளிக் கருவத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதால் மின்னோட்டங்கள் உண்டாகின்றன. அவையே பூமியின் காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கின்றன. அந்த ஓட்டம் நின்றுபோனால் காந்தப் புலம் காலப்போக்கில் மறைந்துவிடும். அப்போதும் டுரியான் கீழேதான் விழும்.

அது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப்பட்ட உலகங்கள் விண்வெளியில் உள்ளன. புதன், செவ்வாய் ஆகிய இரண்டு கோள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் தரையிலும் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஏறத்தாழ 3.7 மீட்டர் என்ற அளவில் கூடுகிறது. அதாவது, இரண்டின் ஈர்ப்பும் ஏறக்குறையச் சமம். ஆனால், புதனுக்குக் கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப் புலம் உண்டு. செவ்வாய்க்கு இன்று அப்படி ஒன்று இல்லை. வெள்ளியும் அவ்வாறே. அதன் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு. ஆயினும் அதன் உள்ளே காந்தப் புலம் உருவாவதில்லை. காந்தம்தான் ஈர்ப்புக்குக் காரணம் என்றால் செவ்வாயிலும் வெள்ளியிலும் பொருள்கள் விழக் கூடாது அல்லவா?

நிலவுக்கும் இன்று அதை முழுவதும் சூழ்ந்த காந்தப் புலம் இல்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அப்போலோ 15 பயணத்தில் சென்ற டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். நிலவில் காற்று இல்லை. எனவே, இறகைத் தடுக்க எதுவும் இல்லை. சுத்தியலும் இறகும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. காந்தம் இல்லாத இடத்திலும் ஈர்ப்பு இருந்தது. சுத்தியலுக்கும் இறகுக்கும் அது வேறுபாடும் காட்டவில்லை.

அப்படியானால் எதற்கு இந்த விசை?

எல்லாப் பொருள்களிலும் பொதுவாக உள்ள ஒன்றே ஈர்ப்புக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். அதுதான் பொருண்மை. பொருண்மை உள்ள எதுவும் பொருண்மை உள்ள மற்றொன்றை ஈர்க்கிறது. இரண்டில் ஒன்றின் பொருண்மை இரு மடங்கானால் விசையும் இரு மடங்காகும். தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். இதுவே நியூட்டனின் ஈர்ப்பு விதி. காந்தங்கள் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. சற்றுத் தள்ளி இருக்கும் இரண்டு சிறு காந்தங்களின் இடைவெளியை இரு மடங்காக்கினால், அவற்றுக்கிடையே உள்ள விசை பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

பூமி போன்ற பெரிய பொருள் மட்டும் அல்லாமல், சிறிய பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றனவா? இதை 1797, 1798ஆம் ஆண்டுகளில் லண்டனில் ஹென்றி கேவெண்டிஷ் சோதித்தார். நீண்ட மரக்கோலின் இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகளைக் கட்டி, அந்தக் கோலை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோகிராம் உள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளை அவற்றின் அருகில் கொண்டுவந்தார். தம் உடல் சூடும் காற்றின் அசைவும் சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். சிறிய குண்டுகள் பெரிய குண்டுகளை நோக்கி மிக நுண்ணிய அளவில் நகர்ந்தன.

இது காந்தத்தின் வேலையாக இருக்குமோ என்ற ஐயம் கேவெண்டிஷுக்கும் எழுந்தது. ஈயத்தைக் காந்தம் இழுப்பதில்லை என்றாலும், பெரிய குண்டுகளைத் தாங்கியவை இரும்புக் கம்பிகள். ஆகவே, அவற்றை நீக்கிவிட்டுத் தாமிரக் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தார். அதன் பிறகும் ஈர்ப்பு மறையவில்லை. இந்தச் சோதனையின் மூலம் பூமி தண்ணீரை விட ஏறத்தாழ 5.48 மடங்கு அடர்த்தி உடையது என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 5.51. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு செய்யப்பட்ட ஒரு சோதனை உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துள்ளது என்று பாருங்கள்!

மெலிந்த விசையின் ஆட்சி

ஈர்ப்பு விசை மிகவும் மெலிந்தது. 50 கிலோகிராம் பொருண்மை உள்ள இரண்டு மாணவர்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால், அவர்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு ஒரு நுண்மணல் துகளின் எடை அளவே இருக்கும். ஆகவேதான் நம் நண்பர்கள் நம்மை இழுப்பதை நாம் உணர்வதில்லை.

சிறு காந்தம் ஒன்றால் தரையிலிருந்து ஒரு குண்டூசியைத் தூக்கிப் பாருங்கள். ஊசியைக் கீழே இழுப்பது முழுப் பூமி. அதன் பொருண்மையைக் கிலோகிராமில் எழுத வேண்டுமானால் 6 என்ற எண்ணுக்குப் பின் 24 சுழியங்களைச் சேர்க்க வேண்டும். மேலே இழுப்பதோ விரல் நுனி அளவுள்ள காந்தம். வெல்வது காந்தம்தான்!

பின் எவ்வாறு கோள்களையும் விண்மீன்களையும் ஈர்ப்பு ஆள்கிறது? ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பர். காந்தத்தின் இரு துருவங்களும் தொலைவில் ஒன்றின் விளைவை மற்றொன்று குறைத்துவிடுகின்றன. ஈர்ப்புக்கு அப்படி எதிர்ப்பக்கம் கிடையாது. ஒவ்வோர் அணுவின் ஈர்ப்பும் மற்றதனுடன் கூடிக்கொண்டே போகிறது. அதைத் தடுக்கும் திரையும் இல்லை. காந்தப் புலத்தை இரும்புப் பெட்டியால் திசை திருப்பலாம்; ஈர்ப்பைத் தடுக்கும் பெட்டியை எவரும் செய்ய முடியவில்லை.

ஈர்ப்பு எதனால் உண்டாகிறது?

ஈர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று நியூட்டனின் விதி கூறுகிறது. ஆனால், வெற்றிடத்தைக் கடந்து சூரியன் எப்படிப் பூமியை இழுக்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நியூட்டனே தமக்கு அதன் காரணம் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். காரணத்தைக் கற்பனை செய்து கூறவும் அவர் விரும்பவில்லை.

விடையை நோக்கிய அடுத்த பெரிய அடியை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் எடுத்துவைத்தார். 1907ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தார். உயரத்திலிருந்து விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது.

இதை நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் விண்வெளிக்குப் புறப்பட்டார். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அவர் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் கண்டு மகிழ்ந்தனர். ‘அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்’ என்று பலர் எண்ணினர். அது சரியன்று. அந்த உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருந்த அவரும் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தனர். நிலையம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் வளைந்த தரையும் விலகிக்கொண்டே போகிறது. எனவே, அது தரையில் மோதுவதில்லை. உடன் விழுபவருக்கு எடையே தெரிவதில்லை.

தங்கமும் கோதுமையும், சுத்தியலும் இறகும், வீரரும் விண்கலமும் ஒரே விதமாக விழுகின்றன. பொருள் எதுவாயினும் பாதை மாறவில்லை என்றால், அந்தப் பாதை பொருளுக்குச் சொந்தமானது அன்று. பொருள் செல்லும் வெளிக்கும் காலத்துக்கும் சொந்தமானது என்று ஐன்ஸ்டைன் எண்ணினார்.

ஒரு கற்பனைப் பயணத்தை மேற்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு விமானமும் கூச்சிங்கிலிருந்து ஒரு விமானமும் நேர் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுக்கிடையே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. இரு விமானிகளும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சிறிதும் திருப்பவில்லை. ஆயினும், வடக்கே போகப் போக இடைவெளி குறைகிறது. இறுதியில் வட துருவத்தில் இரு விமானங்களும் சந்திக்கின்றன. அவற்றை ஏதோ ஒரு விசை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தது போல் தோன்றும். உண்மையில் எந்த விசையும் இழுக்கவில்லை. பூமியின் பரப்பு வளைந்திருப்பதே காரணம்.

ஈர்ப்பும் இத்தகையதே என்று 1915ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் விளக்கினார். பொருண்மையும் ஆற்றலும் தம்மைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன. வளைந்த காலவெளியில் பொருள்கள் தமக்குரிய நேர்ப்பாதையில் செல்கின்றன. அதையே நாம் ‘ஈர்ப்பு’ என்கிறோம். மரத்தில் தொங்கும்போது டுரியானைக் காம்பு தடுத்து வைத்திருக்கிறது. காம்பு விடுபட்டதும் பழம் தன் இயல்பான பாதையில் செல்கிறது. நாம் நிற்கும்போது உணரும் எடையும், தரை நம்மை மேல்நோக்கித் தள்ளுவதால் உண்டாகும் உணர்வே.

இந்தக் கருத்துக்குச் சான்று உண்டா? 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஆர்தர் எடிங்டன் தலைமையில் ஒரு குழு ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பே தீவுக்கும், மற்றொரு குழு பிரேசிலின் சோப்ரால் நகருக்கும் சென்றன. சூரியனுக்கு அருகில் தென்பட்ட விண்மீன்களை அவை படம் பிடித்தன. விண்மீன்களின் ஒளி சூரியனைக் கடக்கும்போது வளைந்திருந்தது. அந்த வளைவு ஐன்ஸ்டைனின் கணக்கோடு ஒத்துப்போனது.

இன்று ஒவ்வொரு நாளும் நம் கைப்பேசியே இதற்குச் சான்று கூறுகிறது. வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றிலுள்ள கடிகாரங்கள் நாளொன்றுக்கு 45 மைக்ரோவிநாடி வேகமாக ஓடுகின்றன. அவற்றின் வேகத்தால் 7 மைக்ரோவிநாடி குறைகிறது. மிஞ்சுவது 38 மைக்ரோவிநாடி. அந்தச் சிறு நேரத்துக்குள் ஒளி 11 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். இந்த வேறுபாட்டைத் திருத்தாவிட்டால், கைப்பேசி காட்டும் வழியை நம்பி நாம் பள்ளிக்கூடத்தைக்கூடச் சென்றடைய முடியாது.

இன்னும் தேடப்படும் விடை

பொருண்மை காலவெளியை வளைக்கிறது என்று கூறினோம். அது ஏன் வளைக்க வேண்டும்? அணுக்களின் உலகத்தை விளக்கும் குவாண்டம் கோட்பாட்டோடு ஈர்ப்பை எவ்வாறு இணைப்பது? இந்தக் கேள்விகளுக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தேடும் பணியில் உலகெங்கும் அறிவியலாளர்கள் ஈடுபட்டுள்ளனர். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பாட வேளை முடியும் மணி ஒலித்தது. முதலில் விடை சொன்ன மாணவர் தயக்கத்துடன் எழுந்தார்.

“அப்படியானால் நான் சொன்னது தவறுதானே, ஐயா?”

“தவறுதான்,” என்றார் ஆசிரியர். “ஆனால், நீ வாய் திறந்து சொன்னதால்தான் அதை நம்மால் சோதிக்க முடிந்தது. கேவெண்டிஷும் இது காந்தமாக இருக்குமோ என்றுதான் ஐயப்பட்டார். அதோடு நிற்காமல் இரும்புக் கம்பியை மாற்றிப் பார்த்தார். நாளைக்கு ஒரு கிண்ணமும் தையல் ஊசியும் கொண்டு வா. நீரில் ஊசியை மிதக்கவிட்டு, அது வடக்கு நோக்கி நகர்கிறதா, திரும்பி மட்டும் நிற்கிறதா என்று வகுப்புக்கு நீயே செய்து காட்டு.”

மறுநாள் பாட வேளை தொடங்குவதற்கு முன்பே, அந்த மாணவரின் மேசையைச் சுற்றி வகுப்பு முழுவதும் கூடியிருந்தது.